மடிப்பு வேறு, கசங்கல் வேறு

போன மாதம் என் பேரன் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரவு போய் இறங்கி, திங்கட்கிழமை காலையில் கோட்டு போட்டுக்கொண்டு அலுவலகத்தில் நிற்க வேண்டுமாம். கட்டில் மேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் சட்டை மடிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். மடிப்பான், போனைப் பார்ப்பான், உதறுவான், மறுபடியும் மடிப்பான்.

"தாத்தா, உங்க காலத்துல நல்ல துணியைக் கசங்காம எப்படி எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். கடல் தாண்டிப் போகிற துணியை மடித்துக் கட்டியே பேர் வாங்கிய ஊர் நம்ம பழவேற்காடு. அந்த ஊர்க்காரன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, துணி மடிக்க வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்கிறான் பிள்ளை.

போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி மடித்துக் கொடுத்தேன். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் டாக்சி வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயமாக இருக்கலாம். தெரியாத மீதிக்காகப் படியுங்கள்.

ஈரச் சட்டை

நான் பிறந்த குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில். அப்போது பாலம் கிடையாது. பட்டணம் போக வேண்டுமென்றால் தோணியில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, சுமார் 20 கிலோமீட்டர் பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து ரயிலில் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். விடியற்காலை கிளம்பினால் பத்து பதினொரு மணிக்குப் போய்ச் சேரலாம். அதுவும் காற்று மனது வைத்தால்.

1973இல், கார்த்திகை மாதத்தில், ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் குப்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு தேறியவர்களை அன்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இறால் விற்ற காசில் அப்பா பொன்னேரியில் ஒரு வெள்ளைச் சட்டையும் காக்கி நிறத்தில் ஒரு பேண்ட்டும் தைத்துக் கொடுத்தார். இரண்டும் பருத்தி. அப்போது வசதியுள்ளவர்கள் டெரிலின் சட்டை போட ஆரம்பித்திருந்தார்கள். நமக்கு அது எட்டாது.

முதல் நாள் ராத்திரி அம்மா சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டு, அடியைத் துடைத்து, சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பேண்ட்டை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து அதன் மேல் நான் படுத்தேன். இந்த வைத்தியம் தெரியாதவர்கள் என் வயதில் யாரும் இருக்க மாட்டீர்கள். புரண்டு படுக்கக்கூட பயம்.

"கையில எடுத்துட்டுப் போனா கசங்கிடும்டா, போட்டுக்கினே போயிடு" என்றாள் அம்மா. சரியென்று பட்டது. போட்டுக்கொண்டே போனேன்.

வாடைக் காற்றில் ஏரி அலையடித்தது. பாதி ஏரியிலேயே முதுகு நனைந்துவிட்டது. தோணிப் பலகையின் ஈரம் பேண்ட்டில் ஏறியது. பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றேன். ரயிலில் கரித்தூள். ஈரம், உடம்புச் சூடு, நெரிசல் மூன்றும் சேர்ந்து என் சட்டையைக் கசக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆக்கிவிட்டன.

அலுவலக வாசலில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மீன் கூடையை எங்க இறக்கி வெச்சிட்டு வந்த?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

உள்ளே போனேன். கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. சட்டையால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது வருஷம் ஆகியும் அந்த ஒரு வாக்கியம் அப்படியே காதில் இருக்கிறது.

பாயின் பாடம்

பழவேற்காட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சண்டைக்கு முன்னால் பினாங்கில் துணிக்கடையில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் வீட்டு வாசலில் அம்மா மீன் போடுவாள். "பட்டணம் போய் வந்ததுலேர்ந்து பையன் சரியாவே பேச மாட்டேங்கிறான் பாய்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை அவர் ஒருவரிடம்தான் முழுதாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டம் போட்ட கைலியை எடுத்து வந்தார். மடித்தது மடித்தபடி இருந்தது. பிரித்தார். நீளவாக்கிலும் குறுக்கிலும் மடிப்புக் கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. வேறு ஒரு சுருக்கம் கிடையாது.

"பினாங்குல இதுக்கு இன்னா பேர் தெரியுமா தம்பி? காயின் பெலிக்காட். காயின்னா துணி. பெலிக்காட்னா இன்னா?"

நான் விழித்தேன்.

"நம்ம ஊருடா. பழவேற்காடு."

பிறகு சொன்னார்: "இதோ பார், இது மடிப்பு. இது அசிங்கம் இல்ல. புதுசுன்னு சொல்ற அடையாளம். உன் சட்டையில விழுந்துச்சே, அது கசங்கல். மடிப்பு நாம போடறது. கசங்கல் நாம பார்க்காதப்போ அதுவா விழறது. ரெண்டும் வேற வேற."

அவர் கடையில் அவருடைய முதல் வேலை, சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்து இறங்குகிற துணிச் சிப்பங்களைப் பிரித்து அடுக்குவது. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து வந்த சிப்பத்தைப் பிரித்தால், உள்ளே இருக்கிற துணி நேற்று மடித்த மாதிரி இருக்குமாம். எப்படிக் கட்டினார்கள் என்று பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

அவர் சொன்ன விதிகளை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தேய்த்த துணியைச் சூடு ஆறாமல் மடிக்காதே. ஈரக் காற்றில் வெளியே விட்டு வைக்காதே. தையல் இருக்கிற இடத்தில் மடி, நெஞ்சுக்கு நடுவில் மடிக்காதே. மடிப்புக்குள் ஒரு பழைய மெல்லிய துணியைச் சுருட்டி வை, மடிப்பு கத்தி மாதிரி விழாது. பெட்டியில் இடம் விடாதே. இடம் இருந்தால் துணி நகரும், நகர்ந்தால் கசங்கும். வெளியே தண்ணீர் புகாத உறை போடு. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக எடுத்துக் கொடியில் போடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: நல்ல துணியைப் போட்டுக்கொண்டு பயணம் போகாதே. அதை எடுத்துக்கொண்டு போ.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். பருத்தி இழைக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் இழைக்குள் இருக்கிற பிடிப்புகள் தளர்கின்றன. அந்த நேரத்தில் துணி எப்படி அமுங்கிக் கிடக்கிறதோ, காய்ந்ததும் அப்படியே பிடித்துக்கொள்கிறது. இஸ்திரிப் பெட்டி வேலை செய்வதும் இதே முறையில்தான், கசங்குவதும் இதே முறையில்தான். நம் கைப்பட நடந்தால் இஸ்திரி. பஸ் நெரிசலில் நடந்தால் கசங்கல்.

சிப்பம் கட்டிய ஊர்

பாய் சொன்ன "நம்ம ஊருடா" என்ற வார்த்தைதான் என்னைப் பழைய கதையைத் தேட வைத்தது. ஓய்வு பெற்ற பிறகு படித்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே நம் துணிக்குக் கடல் கடந்த பேர் உண்டு. 1500களின் தொடக்கத்தில் இந்தியக் கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, பழவேற்காட்டின் வண்ணத் துணிகளுக்கு மலாக்கா, பெகு, சுமத்ரா பக்கம் நல்ல விலை உண்டு என்று குறித்து வைத்திருக்கிறார். சிவப்பு நிறத்துக்கு நம் மணல் பூமியில் கிடைக்கிற சாயவேர். இம்பூரல் என்றும் சொல்வோம். துவைக்கத் துவைக்க வெளுக்காத சிவப்பு.

1610இல் டச்சுக் கம்பெனியார், சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிக்கொண்டார்கள். அதுதான் கெல்ட்ரியா கோட்டை. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரைக்கும், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நம்ம ஊர்தான்.

அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைவது மொலுக்காஸ், பண்டா தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் விரும்பிக் கேட்டது நம் கரைத் துணியை. துணியைக் கொடுத்தால் வாசனைச் சரக்கு கிடைக்கும். ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற டச்சு அதிகாரி 1612 வாக்கிலேயே, சோழமண்டலக் கரையை மொலுக்காஸ் தீவுகளின் இடது கை என்று சொன்னார். இந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆங்கிலேயரும் இந்தத் துணிக்காகத்தான் வந்தார்கள். 1621இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர் பக்கத்தில் இடம் பிடித்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1626இல் வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள். பிறகு 1639இல், துணி மலிவாகக் கிடைக்கும் என்று தெற்கே ஒரு மணல் கரையைப் பிடித்தார்கள். அதுதான் இன்றைய சென்னை. வண்ணாரப்பேட்டை என்ற பேரே, கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது.

இனி நம் விஷயம். தறியிலிருந்து இறங்கிய துணி அப்படியே கப்பல் ஏறாது. முதலில் வெளுப்பு. உவர்மண், வெள்ளாவி, வெயில். பிறகு அரிசிக் கஞ்சி. அதன் பிறகு, மரக்கட்டையால் சீராக அடித்து அடித்துச் சுருக்கம் எடுப்பார்கள். உயர்ந்த வண்ணத் துணியைச் சங்கு போன்ற வழவழப்பான ஓட்டினால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். இப்போது நாம் நினைக்கிற மாதிரி நெருப்புப் பெட்டி வைத்துத் தேய்ப்பது கிடையாது. 'இஸ்திரி' என்ற சொல்லே, இழுத்து விரிப்பது என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சட்டைக்குப் பொத்தானும், துணி வைக்க அலமாரியும், அதைப் பூட்டச் சாவியும் அவர்கள் விட்டுப் போன சொற்கள்தான். சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள் வார்த்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கம்பெனிக் கிடங்கில் ஒவ்வொரு துணியையும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, நீள அகலம் பார்த்து, தரம் பிரிப்பார்கள். குறை இருந்தால் விலை குறையும். இருபது உருப்படி ஒரு கோர்ஜ் என்று கணக்கு. ஒரே அளவாக மடித்து, அடுக்கி, அழுத்தி, உறை போட்டுச் சிப்பமாகக் கட்டுவார்கள். பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சிறு படகுகள்தான். சோழமண்டலக் கரையின் மசூலா படகுகள் ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தவை. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் தண்ணீர் உள்ளே வரும். அந்த ஈரத்தையும், கப்பலின் புழுக்கத்தையும், வாரக்கணக்கான ஆட்டத்தையும் தாண்டித்தான் துணி மடிப்புக் கலையாமல் பத்தேவியாவில் போய் இறங்க வேண்டும். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

இப்போது பாயின் விதிகளை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். காய்ந்த பிறகு மடி. ஒரே சீராக மடி. இடம் விடாமல் அழுத்து. தண்ணீர் புகாமல் கட்டு. போனதும் பிரி. சிப்பம் கட்டும் வித்தையேதான். ஒரு கப்பல் சரக்குக்குச் செய்ததை ஒரு சட்டைக்குச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

பேர் போன இடமெல்லாம்

துணி போன இடமெல்லாம் ஊர்ப் பேரும் போயிற்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் ஆண்கள் கட்டம் போட்ட காயின் பெலிக்காட்டை வீட்டிலும் கட்டுகிறார்கள், தொழுகைக்கும் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கட்டம் போட்ட கைக்குட்டையைப் பார்த்து அதே மாதிரி நெய்ய ஆரம்பித்து, அதற்குப் 'புலிகேட்' என்றே பேர் வைத்தார்கள். அதை நெய்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஏரிக்கரை ஊரின் பேர் என்று தெரிந்திருக்கும்?

சுலாவேசித் தீவில் தோராஜா என்றொரு மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த இந்தியத் துணிகளை அவர்கள் இன்றும் மடித்துப் பத்திரமாக வைத்து, பெரிய சடங்குகளுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணப் பட்டு மாதிரி.

இன்னொரு வேடிக்கை. நான் ஏங்கிய கசங்காத டெரிலின் இருக்கிறதே, அதை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த வின்ஃபீல்டும் டிக்சனும் வேலை பார்த்தது மான்செஸ்டரின் கேலிகோ அச்சடிப்போர் சங்கம் என்ற கம்பெனியில். கேலிகோ என்ற சொல் கோழிக்கோட்டிலிருந்து வந்தது. நம் பருத்தித் துணியின் பேரை வைத்துக்கொண்ட கம்பெனியில் இருந்துதான் பருத்தியை ஓரங்கட்டிய நூலும் பிறந்தது.

இதையெல்லாம் எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் அது பொய்யாகிவிடும். 17ஆம் நூற்றாண்டில் அதே பழவேற்காட்டிலிருந்து, அதே கம்பெனிக் கப்பல்களில், ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் அந்த வியாபாரம் பெருத்தது. சிப்பத்துக்குள் ஈரம் புகாமல் பார்த்துக்கொண்டவர்கள், மனிதர்களை எப்படி ஏற்றினார்கள் என்பதை நினைத்தால் மனது கனக்கிறது.

நம் ஊர் டச்சுக் கல்லறைக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுச் சிலைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு கல்லில் கெல்ட்ரியா கோட்டையின் படத்தையே செதுக்கியிருக்கிறார்கள். யார், எந்த வருஷம் இறந்தார் என்று ஒவ்வொரு கல்லிலும் அழகாக எழுதியிருக்கிறது. துணியை நெய்தவர், வெளுத்தவர், அடித்தவர், மடித்தவர், அலையில் படகோட்டிக் கப்பலில் ஏற்றியவர் பேர் ஒரு கல்லிலும் இல்லை. கோட்டையும் இன்று புதர் மூடிய மேடாகக் கிடக்கிறது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கே போய்விட்டது. மடித்தவர்கள் விட்டுப் போனது ஒன்றுதான்: மடிக்கிற முறை. அது கை மாறிக் கை மாறி, பினாங்கு வரைக்கும் போய், ஒரு பாய் மூலமாக என்னிடம் திரும்பி வந்தது.

ஓலைப்பெட்டி

1974இல் இன்னொரு நேர்முகத் தேர்வு வந்தது. அதே சட்டை, அதே பேண்ட்.

எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டி கிடையாது. ஆனால் பழவேற்காட்டுப் பெண்கள் பின்னுகிற பனையோலைப் பெட்டி இருந்தது. மூடியோடு சதுரமானது. தகரப் பெட்டி மாதிரி உள்ளே வேர்க்காது என்று பாய் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா தேய்த்த துணியை அரை மணி நேரம் ஆற விட்டோம். பேண்ட்டை அடியில் விரித்து, பாதியை வெளியே விட்டு, அதன் மேல் சட்டையைப் பாய் காட்டிய மாதிரி மடித்து வைத்து, வெளியே விட்ட பேண்ட் காலை அதன் மேல் திருப்பிப் போட்டேன். மடிப்புக்குள் ஆயாவின் பழைய நூல் புடவைக் கிழிசல். மீதி இடத்தில் துண்டும் செய்தித்தாளும். பெட்டியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கயிறு. குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

நான் பழைய கைலியும் பனியனுமாகத் தோணியில் ஏறினேன். அன்றைக்கும் காற்று அடித்தது. அப்பா பெட்டியைத் தோணியின் மேட்டுப் பக்கத்தில் வைத்து, தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு, அலை வருகிற பக்கமாகத் தான் நின்றுகொண்டு கழி ஊன்றினார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இறங்கும்போது அவர் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். பெட்டி மேல் போட்ட துண்டு மட்டும்தான் ஈரம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, போன வருஷம் நடந்தது அவருக்கும் தெரியும் என்று. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

காசிமேட்டில் அத்தை வீடு. அங்கே போய்க் குளித்து, பெட்டியைப் பிரித்தேன். சட்டையில் இரண்டே இரண்டு கோடு. பாயின் கைலியில் பார்த்த மாதிரி நேர்க்கோடு. கொடியில் கொஞ்ச நேரம் போட்டுப் பிறகு உடுத்திக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் பேர் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார். பழவேற்காடு என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்த வேலை கிடைத்தது. 36 வருஷம் பார்த்து 2010இல் ஓய்வு பெற்றேன்.

அப்பாவின் வேட்டி

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல வேட்டியும் அரைக்கை வெள்ளைச் சட்டையும், அம்மாவுக்கு ஒரு புடவையும் வாங்கினேன். கூடவே ஒரு டிரங்குப் பெட்டியும். அம்மா அந்தப் புடவையைக் கட்டிக் கட்டியே கிழித்தாள். அப்பா தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்குக் கட்டிக்கிறேன்" என்று பெட்டியில் வைத்தார். என் கல்யாணத்துக்கு எடுப்பார் என்று நினைத்தேன். அன்றைக்கு வேறு புதுசு வாங்கியிருந்ததால் அது அப்படியே இருந்தது. அந்துருண்டை மாற்றி மாற்றிப் போட்டு வைத்தாரே தவிர, கட்டவே இல்லை.

1991இல் அவர் போய்ச் சேர்ந்தார். அவரை அனுப்பும்போது அந்த வேட்டியைத்தான் கட்ட வேண்டும் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு கசங்கல் இல்லை. எடுத்துப் பிரித்தேன். மடிப்பு இருந்த இடமெல்லாம் இற்றுப் போய்க் கிழிந்து, நீள நீளப் பட்டையாகக் கையில் வந்தது.

ஏரிக்காற்றின் உப்பும் ஈரமும், பதினேழு வருஷம் ஒரே இடத்தில் மடிந்து கிடந்ததும் சேர்ந்து செய்த வேலை. பட்டுப் புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதற்குத்தான். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளைக் கூடிய வரை மடிப்பதே இல்லை, உருளையில் சுற்றி வைக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். மடிப்பு, துணியைக் கொஞ்ச தூரம், கொஞ்ச காலம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான். அங்கேயே குடியிருப்பதற்கு அல்ல. பாய் கடைசியாகச் சொன்ன விதியும் அதுதானே: போய்ச் சேர்ந்ததும் முதலில் பிரி.

பேரனுடைய கோட்டுக்கு வருகிறேன். ஒரு தோளை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, அடுத்த தோளை அதற்குள் சொருகி, நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து மடித்துக் கொடுத்தேன். பெட்டியில் இடம் விடாமல் அவனுடைய பனியன்களை வைத்து அடைத்தேன். திங்கட்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"தாத்தா, கோட்டு கசங்கவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் அப்படியே மடிச்சுப் பத்திரமா பெட்டியில வெச்சிட்டேன்."

"வேணாம்டா, எடுத்து மாட்டு" என்றேன். "அடிக்கடி எடுத்துப் போட்டுக்கோ."